புல்லின் உயரம்

ஹேசல்பி, லங்காஷயர்
டிசம்பர் 17

அன்புத் தம்பி ரஸ்ஸலுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, தேநீர்கூடப் போடாமல், வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து கிளப் மைதானத்துக்குப் போய், தினமும் நான் பராமரிக்கும் புல்லின் நடுவட்டத்தில் நின்றேன். உறைபனியில் கால்விரல்கள் மரத்துவிட்டன. மார்ச்சில் உன் கிளப் இங்கே வந்து ஆடப்போகிறது என்பதை அங்கே நின்றால்தான் நம்ப முடியும் போலிருந்தது.

ஐரோப்பியக் கோப்பைக் குலுக்கலை நேற்று கிளப் சலவை அறையின் சின்ன டிவியில் பார்த்தோம். எங்கள் பெயருக்குப் பக்கத்தில் வால்மோரா என்று வந்ததும், சட்டை துவைக்கும் பெரில் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். “ஏண்டி லொரெய்ன், உன் தம்பி புல்லு வெட்டுற ஊருதானே அது? செத்தோம் போ” என்றாள். அரை மணி நேரத்தில் டிக்கெட் வரிசை மீன் வறுவல் கடையைத் தாண்டிவிட்டது. வரிசையில் ஒருவர், “அவங்க மூணு தடவை கோப்பை ஜெயிச்சவங்கய்யா” என்றார். பின்னால் நின்றவர், “இருக்கட்டுமே, நம்ம மழையில ஒரு தடவ ஆடிப் பாக்கட்டும்” என்றார்.

முதல் ஆட்டம் பிப்ரவரியில் உன் ஊரில். ரசிகர்களின் பேருந்தில் எனக்கும் ஓர் இடம் சொல்லிவைத்துவிட்டேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் கால்பந்து என்றால் போனில் நீ கத்துகிறாய். எழுதினால்தான் மனிதனாக இருக்கிறாய். ஆறு வருடத்தில் இரண்டே முறைதான் ஊருக்கு வந்திருக்கிறாய் என்பதையும் நினைவுபடுத்துகிறேன். மரீசாவுக்கும் குழந்தைக்கும் என் முத்தங்கள்.

உன் அக்கா,
லொரெய்ன்


வால்மோரா
டிசம்பர் 28

அன்புள்ள அக்கா,

கேக் வந்து சேர்ந்தது. மரீசா ஒரு துண்டு தின்றுவிட்டு, “உங்க ஊர்ல இதைச் சாப்பிடுறதா, சுவர் கட்டுறதா?” என்று கேட்டாள். மீதி முழுவதையும் நான்தான் தின்றேன்.

குலுக்கல் நாளிலிருந்து இங்கே என்னைச் சும்மா விடுவதில்லை. என்னோடு வேலை செய்யும் அந்தோனி, “உங்க ஆளுங்க பந்தை மேகத்துக்கு அனுப்பிட்டு, அது எப்ப இறங்கும்னு அண்ணாந்து பாத்துட்டே நிப்பாங்களாமே?” என்கிறான். ஊரை விட்டுக்கொடுக்காமல் ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது சொன்னதையே இப்போதும் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஐரோப்பியத் தரத்துக்கு இருப்பது புல் மட்டும்தான். அதனால்தான் இவர்கள் உங்கள் ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். உங்கள் பெரிய கிளப்புகள் ஜெயிக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். அதுவும் எங்கள் பக்கத்து ஆட்களை வாங்கித்தானே? ஹேசல்பிக்கு அந்த வசதியும் கிடையாது. இங்கே நாங்கள் நாலு கோல் போடுவோம், அங்கே இரண்டு. கோபித்துக்கொள்ளாதே. பேருந்தில் வரும்போது கழுத்துக்குத் தலையணை எடுத்துக்கொள்.

அன்புத் தம்பி,
ரஸ்ஸல்


ஹேசல்பி
பிப்ரவரி 18

அன்புத் தம்பிக்கு,

ஒன்றுக்கு ஒன்று. எழுதிப் பார்க்கவே இனிக்கிறது, அதனால் இன்னொரு முறை எழுதுகிறேன். ஒன்றுக்கு ஒன்று.

எங்களை உங்கள் மைதானத்தின் உச்சியில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார்கள். இடைவேளையில் நீ தோட்டத்து முள்கரண்டியோடு வந்து, பெயர்ந்த புல்லைக் குத்திச் சரிசெய்வதைப் பார்த்தேன். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். விஷயம் தெரிந்ததும் ஐந்நூறு பேரும் சேர்ந்து உன் பெயரையே பாட்டாகப் பாடினார்கள். நீ தலையே தூக்கவில்லை. வெட்கமா, பயமா?

எங்கள் கோலுக்கு முன்னால் பத்தொன்பது பாஸ். என் பக்கத்தில் இருந்த தபால்காரர் கோர்டன் எண்ணிக்கொண்டே வந்தார். பதினாறில் அவர் குரல் உடைந்துவிட்டது. “இது நம்ம ஆளுங்களா? யாரோ நம்ம சட்டைய மாட்டிக்கிட்டு வந்து ஆடுறாங்கம்மா” என்றார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் ஆச்சரியமாக இல்லை. மூன்று வருடமாகத் தினமும் காலையில் என் புல்லில் இவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே.

இனி உனக்கு மட்டும் ஒரு விஷயம். கணக்கு சமமானால் வெளியூரில் போட்ட கோலுக்குத்தான் மதிப்பு; அங்கே நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டதால், இங்கே இரு பக்கமும் கோலே இல்லாமல் முடிந்தால் போதும். காலிறுதிக்கு நாங்கள்தான் போவோம். நேற்று மேனேஜர் ஹோல்ராய்ட் என்னைக் கூப்பிட்டார்.

“இந்தத் தடவ புல்லு முப்பது மில்லிமீட்டர் இருக்கட்டும்மா. தண்ணியும் விடாத.”

“நாம எப்பவும் வைக்கிறது இருபத்து நாலு. முப்பதுல, அதுவும் காய்ஞ்சு கெடந்தா, பந்து சேத்துல உருளுற மாதிரி ஆயிடும்.”

“அதான் வேணும். அவங்க பாஸ் கொடுக்கத் திணறட்டும். சட்டத்துல முப்பது வரைக்கும் இடமிருக்கில்ல?”

“இருக்கு. ஆனா நம்ம பசங்களும்தானே பாஸ் கொடுத்து ஆடுறாங்க?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஒரு ராத்திரி நல்லா ஆடிட்டா நாம அவங்க ஆயிடுவோமா? சொன்னதைச் செய். ஜூன்ல உன் ஒப்பந்தம் முடியுது, என்னோடதும்தான். தோத்தா ரெண்டு பேருக்கும் வேலை இல்ல. என் பேச்சை மீறித் தோத்தா உன் பேரு இந்த ஊர்ல எடுபடாது.”

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நேற்றிலிருந்து புல்லை வெட்டாமல் வளரவிட்டிருக்கிறேன். நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

அக்கா


வால்மோரா
பிப்ரவரி 26

அக்கா,

நானாக இருந்தால் அவர் சொன்னதைச் செய்வேன். சட்டத்துக்கு உட்பட்டதுதானே. தலைமைப் பொறுப்புக்கு வர உனக்கு இருபது வருடம் ஆயிற்று. அதை ஓர் ஆட்டத்துக்காகப் பணயம் வைக்காதே. எங்கள் ஆட்களும் யோக்கியர்கள் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் ஆட்டத்துக்கு நான் புல்லை இருபதுக்கு இறக்கியிருந்தேன். எங்களுக்கே வழக்கம் இருபத்து மூன்றுதான். மைதானம் கண்ணாடி மாதிரி வழுக்கும்வரை தண்ணீர் விட்டேன். எங்கள் கிளப் டைரக்டர் என்னிடம், “இந்த வேகத்துல பந்து ஓடினா இங்கிலீஷ்காரன் காலு பின்னிக்கும், பாரு” என்றார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

யார் காலும் பின்னவில்லை. உங்கள் ஆட்கள் பத்தொன்பது பாஸ் கொடுத்தபோது நான் சுரங்கப்பாதை வாசலில் நின்றிருந்தேன். நானும் எண்ணினேன். பத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டுப் பந்தையே பார்த்தேன். இடைவேளையில் உன் குரல் எனக்குக் கேட்டது அக்கா. நான் உங்களுக்காக விரித்த வலையைத்தான் அப்போது குத்திச் சரிசெய்துகொண்டிருந்தேன். அதனால்தான் தலை தூக்கவில்லை.

ஆறு வருடமாக நான் பேசியது தப்பு. போனில் இதை என்னால் சொல்ல முடியாது.

ரஸ்ஸல்


ஹேசல்பி
மார்ச் 7, காலை ஆறரை

என் அன்புத் தம்பிக்கு,

நீ இதைப் படிக்கும்போது ஆட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

இன்று ராத்திரிதான் ஆட்டம். ஊரில் யாருக்கும் தூக்கமில்லை. ரொட்டிக் கடையில் எல்லாவற்றுக்கும் எங்கள் சட்டை நிறத்தில் நீலச் சர்க்கரை பூசிவிட்டார்கள். பெரில் எல்லாச் சட்டைகளையும் இரண்டாவது முறை துவைத்துவிட்டு, “அழுக்குக்காக இல்லடி, கை சும்மா இருக்க மாட்டேங்குது” என்றாள்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் என்மேல்தான். போனில் உன்னோடு சண்டை போட்டேனே தவிர, உள்ளுக்குள் நானும் நீ சொன்னதையே நம்பியிருந்தேன். நம்மிடம் ஓட்டமும் மழையும் உண்டு, ஆட்டம் அவர்களிடம்தான் உண்டு என்று. ஹோல்ராய்ட் கெட்டவர் இல்லை. ஆடிய காலத்தில் அவர் இத்தாலியில் ஐந்து கோல் வாங்கித் திரும்பியவர். அந்தப் பயத்தில்தான் புல்லை வளர்க்கச் சொன்னார். நானும் அதே பயத்தில்தான் தலையாட்டியிருக்கிறேன்.

நேற்று மாலைப் பயிற்சியில் பையன்கள் நெட்டைப் புல்லில் பந்தை இழுத்து இழுத்து ஆடினார்கள். எட்டாவது பாஸில் பந்து நின்றுவிட்டது. கேப்டன் ஓவன் என்னிடம் வந்தான். “உடம்பு சரியில்லையா லொரெய்ன் அக்கா? புல்லு இப்படி இருக்கே” என்றான். குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டான்.

தோற்றால் அந்த டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. கோலே இல்லாமல் ஒப்பேற்றியிருக்கலாமே என்று காலத்துக்கும் சொல்வார்கள். சொல்வதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இப்படி ஒப்பேற்றினால், நாங்கள் உங்களுக்கு ஈடுதானா என்பது இந்த ஊருக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

ஹோல்ராய்ட் ஒன்பதரைக்கு வருவார். ஏழரைக்கு நான் இயந்திரத்தை எடுப்பேன். முப்பதிலிருந்து ஒரே வெட்டில், நீ அங்கே வைத்த அதே இருபது. புல் கொஞ்சம் மஞ்சளடிக்கும், ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். பத்து மணிக்கு ஐரோப்பியக் கால்பந்துச் சங்க அதிகாரியின் கூட்டம். இரண்டு மேனேஜர்களும் இருப்பார்கள். தண்ணீர் எப்போது விடுவீர்கள் என்று அவர் கேட்பார். ஆட்டத்துக்கு இருபது நிமிடம் முன்னால், மைதானம் முழுவதற்கும் என்று சொல்லப்போகிறேன். அதிகாரி முன்னால் சொல்லிவிட்டால் அப்புறம் ஹோல்ராய்டால் அதை மாற்ற முடியாது. பெரிலுக்குக்கூட இது இன்னும் தெரியாது.

உன் அக்கா,
லொரெய்ன்