தட்டில் வைத்த நூல்கண்டு

இன்று காலை உன் தட்டில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் விழுந்தது. பீங்கானில் காசு விழும் சத்தத்தைக் கேட்டுப் பத்து நாளாவது இருக்கும். இப்போது யார் காசு கொண்டு வருகிறார்கள்? கைப்பேசியை நீட்டுகிறார்கள், மேசை மேல் இருக்கும் பெட்டி தொகையை ஊருக்கே கேட்கும்படி சொல்கிறது, பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காசு போட்டவர் பெண்ணாடத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். சட்டைப் பொத்தான் இரண்டு கேட்டார். தட்டைப் பார்த்ததும் நான் சொல்லாமலே அதில் போட்டார். பழைய வாடிக்கைக்காரராக இருக்க வேண்டும்.

அவர் போன பிறகு தட்டைக் கழுவினேன். துடைக்கும்போது கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் மெருகு பிடிக்காமல் விட்ட இடத்தில் உன் கட்டைவிரல் தடம் இன்னும் இருக்கிறது. ஒரு மணிக்கே கடையைச் சாத்திவிட்டேன். முழங்கால் வலி என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னேன். வலி இருக்கிறதுதான். ஆனால் உண்மையில் சலிப்பாக இருந்தது. உட்கார்ந்து உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். அதனால் நீளமான வாக்கியம் எழுதமாட்டேன்.

என் வீட்டுக்காரர் இறந்துபோய் ஒரு மாதத்தில் நான் இந்தத் தையல் சாமான் கடையைத் திறந்தேன். மாமியார் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "கான்வென்ட்டுல படிச்ச திமிரு" என்று நாத்தனார் சொன்னாள். படித்தது கான்வென்ட்டில்தான். கத்தரிக்கோலைக் கொடுத்தால் பிடியை அடுத்தவர் பக்கம் நீட்ட வேண்டும், முகத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டது அங்கேதான். திமிரும் அங்கேதான் வந்ததா என்று தெரியவில்லை. அது பிறவியிலேயே இருந்திருக்கும்.

திறந்த முதல் வாரத்தில் ஒருநாள் காலையில் நீ கடையில் இருந்தாய். பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் வழியில் மகள் பாவாடைக்கு நாடா வாங்க நின்றாய். அப்போது உன்னை எனக்கு முகப் பழக்கம் மட்டும்தான். உனக்கு முன்னால் ஒரு அம்மாள் கல்யாண ரவிக்கைக்கு ஹூக்கு வாங்கினாள். நல்ல புடவை, தலை நிறையப் பூ. மீதிக் காசை நீட்டினேன். அவள் கையை நீட்ட வந்தாள். பொட்டில்லாத என் நெற்றியைப் பார்த்தாள். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அங்க வச்சிடுங்கம்மா" என்றாள். "காலைல மொத போணி, அதான். தப்பா நெனச்சிக்காதீங்க."

காசை மேசைக் கண்ணாடி மேல் வைத்தேன். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட நாணயத்தை அவளால் எடுக்க முடியவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். அந்த நேரம் முழுவதும் நான் நிமிர்ந்தே நின்றேன். நீ நாடாவை அளந்து பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே உன்னை எனக்குப் பிடித்துப்போனது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாய். செய்தித்தாளைப் பிரித்தால் ஒரு பீங்கான் தட்டு. இரண்டு உள்ளங்கை அகலம். வெள்ளை மெருகு. உள்ளே சீப்பால் இழுத்ததுபோல் வரிவரியாக மேடு. காசு போட்டால் மேட்டின் மேல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், விரல் நுனியில் எடுக்கலாம். ஊசி போட்டால் பள்ளத்தில் கிடக்கும், உருளாது. கம்பெனியில் பொம்மைக்கு மண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றிய பிறகு மிஞ்சியதில் செய்தாயாம். மேஸ்திரி பார்க்காத நேரத்தில் சூளையில் பொம்மைகளுக்கு நடுவே வைத்தாயாம்.

நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "ஒரு மூலை தூக்கி இருக்கிறதே."

"சூளையில வளைஞ்சிடுச்சி யக்கா" என்றாய். "மண்ணு என்னா கான்வென்ட்டுலயா படிச்சிது, சொன்னபடி நிக்கறதுக்கு?"

என்னிடம் அப்படிப் பேச ஊரில் யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு அதுதான் முதல் தடவை. பிறகுதான் கேட்டேன், இது எதற்கு என்று.

"ஊசிய யாரும் கையில வாங்க மாட்டாங்கல்ல, சண்ட வரும்னு? அதுக்குன்னு வைங்க. காசும் அதுலயே கெடக்கட்டும். யாரும் கைய நீட்ட வேணாம். யாரும் கைய இழுக்கவும் வேணாம்."

தூக்கியிருந்த மூலைக்குக் கீழே பொத்தான் அட்டையை மடித்து வைத்தேன். மறுநாளிலிருந்து அதுவே கடையின் சட்டம் ஆனது. கொடுப்பதும் வாங்குவதும் தட்டில்தான். ஊசி, பொத்தான், பாபின், சில்லறை எல்லாமே. பூ வைத்தவளுக்கும் தட்டுதான், பூ வைக்காதவளுக்கும் தட்டுதான், பேங்க் மேனேஜருக்கும் தட்டுதான். தெரியாமல் கை நீட்டுகிறவர்களிடம் கண்ணால் தட்டைக் காட்டுவேன். ஒரு மாதத்தில் 'தட்டுக்கடை அம்மா' என்று பெயர் வந்துவிட்டது. எதிர்ச் சந்துத் தையல்காரர் வரும்போதெல்லாம் கிண்டல் செய்வார். "கோயில்லயே துன்னூற கையில போடறாங்க. இந்தம்மா கடையில மட்டும் தட்டுலதான். உண்டியல் ஒண்ணுதான் பாக்கி."

எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் கையை நீட்டுவதே இல்லை. நீட்டாத கையை யார் தள்ளிவிட முடியும்?

ஆனால் தட்டு மற்றவர்களை என்ன செய்தது என்று நான் யோசிக்கவில்லை. கம்மாபுரத்துப் பக்கத்திலிருந்து கருக்கரிவாள் செருகிய கூடையோடு ஒரு பெண் வந்தாள். அவளும் கை நீட்டினாள். நான் தட்டைக் காட்டினேன். அவள் முகம் மாறியது. "ஏன், எங்க கையில குடுத்தா ஒட்டிக்குமா?" என்று கேட்டாள். என் நெற்றியைக் காட்டி, அம்மா இது உனக்காக இல்லை, எனக்காக என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதைவிடச் சாதி பார்க்கிறவள் என்று பெயர் வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நீதான் ஓரத்திலிருந்து குறுக்கே வந்தாய். "இல்ல தாயி, அவங்க எல்லாருக்கும் அப்பிடித்தான். சொந்தப் புள்ளைக்குச் சோறுகூட தட்டுலதான் போடுவாங்க." அவள் சிரிக்கவில்லை. நாலு பொத்தானை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் திரும்பி வரவே இல்லை.

அன்றைக்கு நீ கேட்டாய். "எனக்குமா யக்கா தட்டு?"

"சட்டம் என்றால் எல்லோருக்கும்தான்" என்றேன்.

"சரி சரி, பெரிய கோர்ட்டு" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து நூலை எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடினாய். நீ விளையாட்டாக எடுத்துக்கொண்டாய் என்று நினைத்தேன். நீ பத்து வருடம் அப்படித்தான் எடுத்துக்கொண்டாய்.

அதன் பிறகு உன் மகள் கல்யாணம் வந்தது. நான் எழுத உட்கார்ந்தது இதைத்தான். ஆனால் இதற்கு வந்து சேர இவ்வளவு நேரம் ஆகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் கதவு மடிப்பைத் திறந்து முடிக்கவில்லை, நீ படியில் நிற்கிறாய். குளித்து, மஞ்சள் பூசி, கம்பெனிக்குப் போடாத புடவை கட்டியிருந்தாய். "இன்னிக்குப் போணி நாந்தான்" என்றாய். முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைக்க நூல் வேண்டும், அரக்கு நிறம். புடவைத் துண்டைக் கொண்டு வந்திருந்தாய். நான் நாலு நூல்கண்டை எடுத்து வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நாலும் உனக்கு ஒரே நிறம்போலத்தான் இருந்தன. "எது உங்களுக்கு நல்லா தெரியுதோ அதயே குடுங்க" என்று சொல்லிக் கையை நீட்டினாய்.

நான் தட்டைப் பார்த்தேன்.

"தட்டுல வேணாங்கா. கையில குடுங்க. எம் பொண்ணு கல்யாணத்துக்கு மொத நூலு உங்க கையால வாங்கணும்னுதான் வூட்டுல எல்லாருகிட்டயும் சொல்லிட்டு வந்தேன்."

"உன் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள்?"

"அவங்க எதுக்குத் தெரிஞ்சிக்கணும்? தெரிஞ்சாத்தான் என்னா? குடுங்கக்கா."

உன் உள்ளங்கை மேசைக்கு மேல் விரிந்து இருந்தது. குளித்து வந்தும் ரேகைகளில் வெள்ளை மண் போகவில்லை. அந்த மண் போகாது என்று நீயே சொல்வாய். நான் நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே ஜங்ஷனுக்குப் போகும் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய்ச் சத்தம் அடங்கும்வரை உன் கை அப்படியே இருந்தது.

நான் நூல்கண்டைத் தட்டில் வைத்தேன்.

நீ கையை மெதுவாகத் தட்டுக்குக் கொண்டுபோய் எடுத்துக்கொண்டாய். பணத்தையும் தட்டில் வைத்தாய், நோட்டை நான் சொல்லிக்கொடுத்தபடி மடிப்பில்லாமல் நீவி வைத்தாய். "சரிக்கா. போயிட்டு வரேன்."

கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்த பிறகுதான் வந்தேன். பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ தேடி வந்து, "சாப்ட்டீங்களா?" என்றாய். "சாப்பிட்டேன்." அதற்குப் பிறகும் நீ கடைக்கு வந்தாய். சிரித்தாய், கிண்டல் செய்தாய், என் முழங்காலுக்குத் தைலம் கொண்டு வந்தாய். ஆனால் ஒருநாள்கூட என் முன்னால் கையை விரிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது வருடம் பார்த்தேன்.

போன ஐப்பசியில் நீ படுத்தபோது உன்னைப் பார்க்க வந்தேன். "கடைய யாரு பாக்கறாங்க?" என்று கேட்டாய்.

"பூட்டிவிட்டு வந்தேன்."

"போணி நேரத்துலயா? உங்களுக்கென்னா கிறுக்கா யக்கா?" சிரித்ததும் உனக்கு இருமல் வந்துவிட்டது. உன் மகள் தண்ணீர் கொடுத்தாள். அப்போது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மகள் அங்கேயே நின்றாள். அவள் இல்லாமலிருந்தாலும் சொல்லியிருப்பேனா? சந்தேகம்தான். நான் மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் இல்லை. அதை என் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் உன் வாசலில் பந்தல் போட்டிருந்தது. வாய்க்கரிசி போடப் பெண்களைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். பூ வைத்த ஒரு பெண், உன் உறவாக இருக்க வேண்டும், அரிசியை அள்ளி நேராக என் உள்ளங்கையில் போட்டாள். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. சாவு வீட்டில் என் கைக்கு யாரும் தயங்குவதில்லை. அந்த அரிசியைத்தான் நான் உனக்குக் கையால் கொடுத்தேன்.

உன் மகள் நன்றாக இருக்கிறாள். போன மாதம் வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை நிரந்தரமாகிவிட்டதாம். பெரியவன் காலேஜில் சேர்ந்துவிட்டான். சின்னவள் உன்னைப்போலவே வாய். உன் மகள் வாழ்க்கையில் எந்தக் குறையும் இல்லை. நூலை நான் கையில் கொடுத்திருந்தாலும் இதேபோலத்தான் இருந்திருப்பாள். இது எனக்கு அன்றைக்கே தெரியும். படித்தவள்தானே நான். போணியிலும் ராசியிலும் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை.

உன் மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி வரும், அதனால்தான் தட்டில் வைத்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்பதற்கு நல்ல காரணம். உன் நன்மைக்காக விட்டுக்கொடுத்ததுபோல் இருக்கும். அது பொய். உன் கைக்குப் பக்கத்தில் என் கை வந்ததும், நீயும் கடைசி நேரத்தில் என் நெற்றியைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொள்வாய் என்று பயந்தேன். பூ வைத்த அந்த அம்மாள் இழுத்ததைத் தாங்கினேன். நீ இழுத்தால் தாங்கியிருக்கமாட்டேன். அதனால் நான் முந்திக்கொண்டேன்.

நீ இழுத்திருக்கமாட்டாய். ஆட்டோ போய்ச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்த கை அது. எனக்கு எண்பது ஆகப்போகிறது. என் வீட்டுக்காரர் முகம்கூடச் சில நாள் கலங்கலாகத்தான் வருகிறது. அந்தக் கை மட்டும் தெளிவாக இருக்கிறது, ரேகைக்குள் வெள்ளை மண்ணோடு, விரிந்து, வெறுமையாக.