ஏழாம் படுக்கை நோயாளியைக் கட்டிவைத்து அடித்தது குறித்து

அனுப்புநர்:
ஏழாம் படுக்கை நோயாளியின் மனைவி,
இரத்தப் புற்றுநோய்ப் பிரிவு விடுதி.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: என் கணவர் மீது மருத்துவமனை கொடுத்த போலீஸ் புகாரைத் திரும்பப் பெற்று, சிகிச்சையைத் தொடரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அவசரப் பிரிவு வாசலில் அடிதடி நடந்தபோது இருந்தவர்கள்: என் கணவர், நான், என் தம்பி, காவலாளிகள் இருவர், பணியிலிருந்த மருத்துவர். கடவுளும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது என் நம்பிக்கை. ஆகவே கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

2. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய இரத்தத்திலிருந்தே அணுக்களை எடுத்து, புற்றுநோயோடு சண்டை போடப் பழக்கி, மறுபடி உடம்பில் ஏற்றினார்கள். காய்ச்சல் வரலாம், பேச்சு குழறலாம், மூளை குழம்பி ஆளே மாறிப்போகலாம், உடனே கொண்டுவந்தால் மருந்தில் தெளிந்துவிடும் என்று உங்கள் பெரிய மருத்துவர்தான் சொன்னார். இதையெல்லாம் எழுதி, வாசலில் காட்ட ஓர் அட்டையும் தந்தார்.

3. அணுக்களை ஏற்றிய சில நாளில், விடுதியில் பிரார்த்தனை செய்யும்போது "அப்பனே" என்ற சொல்லிலேயே என் கணவர் நின்றுவிட்டார். அடுத்த சொல் வரவில்லை. உடம்பு கொதித்தது. நானும் தம்பியும் கைத்தாங்கலாக அழைத்து வந்தோம். அவர் குழறுவதைக் கேட்ட மூத்த காவலாளி, "சரக்கு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கே வந்துட்டியா மாப்ளே?" என்று சிரித்தார். நான் நீட்டிய அட்டையைத் தட்டிவிட்டு, என் கணவரின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்.

4. முதலில் அடித்தது என் கணவர்தான். மறைக்க மாட்டேன். வாசலில் நின்ற, குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் கம்பியைத் தூக்கி அந்தக் காவலாளியின் வாயில் அடித்தார். பற்கள் உடைந்தன. தடுக்கப் போன என் தோளைச் சதை பிய்யக் கடித்தார். ஒருநாளும் என்மேல் கை ஓங்காதவர் ஐயா.

5. அதன்பின் நடந்ததே என் புகார். காவலாளிகள் இருவரும் அவரைக் குப்புறத் தள்ளி, கழுத்தில் முட்டியை ஊன்றி, கைகளைப் பின்னால் கட்டினார்கள். கட்டிய பிறகும் லத்தியால் அடித்தார்கள். "புற்றுநோய்க்காரருங்க, ரத்தம் நிக்காதுங்க" என்று தம்பி அவர்கள் காலில் விழுந்தான். "கம்பியைத் தூக்கறப்ப நோய் எங்கய்யா போச்சு?" என்றார் இளைய காவலாளி. அடி விழுந்த இடமெல்லாம் கறுத்தது. மூக்கிலிருந்து வந்த ரத்தம் தரையில் ஓடியது. மருத்துவர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று, "முதல்ல ஆளை அடக்குங்க" என்றார். அட்டை கதவுக்கு வெளியே கிடந்தது.

6. புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ் ஓடிவந்து, ஏழாம் படுக்கையில் சேர்த்து மருந்து ஏற்றியபின் என் கணவர் தெளிந்தார். அவருக்கு எதுவும் நினைவில்லை. "தோள்ல என்னம்மா கட்டு? எவன் உன்மேல கைவச்சான், சொல்லு" என்று என்னைக் கேட்டார். நான் இன்னும் சொல்லவில்லை.

7. பல் உடைந்த காவலாளியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் வழக்கு முடியும்வரை படுக்கை கிடையாதென்று நேற்று எங்களை விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று மறுபடி காய்ச்சல் ஏறுகிறது. அதே வாசலுக்குத்தான் அவரை அழைத்துவர வேண்டும். அங்கே அதே காவலாளிதான் நிற்கிறார்.

புகாரைத் திரும்பப் பெறவும், கட்டியபின் அடித்தவர்களை விசாரிக்கவும், அவ்வாசலில் இந்நோய் அறிந்த நர்ஸ் ஒருவரை நிறுத்தவும் வேண்டுகிறேன். அவரை உள்ளே சேர்த்துக்கொள்வீர்களா என்பதற்கு இன்றே பதில் தாருங்கள்.

இடம்: விடுதி
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஏழாம் படுக்கை நோயாளியின் மனைவி