முடிச்சு அவிழ்க்காத பை

இயேசு மரி சூசை துணை

மேல் டிவிசன்,
பொகவந்தலாவை.
ஜூன் 14, ஞாயிறு.

அன்பு மகள் ஷெரோமிக்கு,

அப்பா மரியநாயகம் சொல்லச் சொல்ல, அன்ஸார் நானாவின் மகள் ஸஹ்லா கடையில் உட்கார்ந்து எழுதும் கடிதம் இது. நான் சுகம். கொழும்பில் உனக்கு ஒரு குறையும் வராமல் மாதா பார்த்துக்கொள்ள வேண்டும். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு வராது. சொன்னதை மாற்றாமல் எழுத வேண்டும் என்று ஸஹ்லாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இங்கே பத்து நாளாக விடாத மழை. நம் லயத்துக் காம்பராவில் அடுப்பு மூலைத் தகரம் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். நம் நாய் கறுப்பி நான்கு குட்டி போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு நாகலெட்சுமி காலையில் ரொட்டி கொண்டுவந்து தருகிறாள். தரும்போதெல்லாம், "ஷெரோமி எப்ப வருது மாமா?" என்று கேட்கிறாள். லீவு இல்லையாம் என்று சொல்லிவைக்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலையாமே, உனக்குக் கால் வீங்குகிறதா?

இனி அந்த நாளின் கதைக்கு வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மறதியும் கிடையாது. ஏப்ரல் இருபத்திரண்டு, புதன்கிழமை. கண் கிளினிக் முடிந்ததும் ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். அப்போது நீ அங்கேதானே இருந்தாய், பெரிய கடையில் நீ வேலை செய்வதை ஒரு தரமாவது பார்க்க ஆசை. உன்னிடம் சொல்லாமல் வந்தது என் முதல் பிழை.

நீ பை போடும் கவுண்டரில் எனக்கு முன்னால் மூன்று பேர். குழந்தையைத் தூக்கிய ஒரு அம்மா, குடை சொட்டச் சொட்ட ஒரு மாஸ்டர், நாய்ச் சாப்பாடு வாங்கிய ஒரு சிங்கள நோனா. பக்கத்துக் கவுண்டர் சும்மா கிடந்தது. அங்கிருந்த பிள்ளை, "ஐயா, இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டது. அவசரமில்லை என்று சொல்லிவிட்டு உன் வரிசையிலேயே நின்றேன். சவர்க்கார வாசம் பாணில் ஏறாமல் இரண்டையும் நீ தனித்தனியாகப் போட்டாய். நோனா மூன்று தரம் அவிழ்த்துக் கட்டச் சொன்னபோதும் முகம் சுளிக்கவில்லை. வீட்டில் ஒரு கோப்பை கழுவச் சொன்னால் உனக்கு வரும் கோபத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

என் முறை வந்ததும், "வணக்கம் சேர், பை வேணுமா?" என்றாய். அப்பாவை சேர் என்கிறாளே, விளையாடுகிறாள் என்று நினைத்து, "ஆமாங்க மிஸ்" என்றேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் பிறகு கேமராவில் பார்த்தார்கள்.

கறிவேப்பிலை விஷயம் உனக்குத் தெரியும். அன்ஸார் நானா கடையில் மரக்கறி வாங்கினால் கறிவேப்பிலையும் ரம்பை இலையும் நாமே எடுத்துப் பையில் செருகிக்கொள்வது நாற்பது வருஷப் பழக்கம். கேட்டு எடுத்தால்தான் அவருக்குக் கோபம் வரும். பில் போட்டு வெளியே வரும்போது அது ஞாபகம் வந்தது. திரும்ப உள்ளே போய் ஒரு கட்டு எடுத்துச் செருகினேன். வாசலில் செக்யூரிட்டி கையைப் பிடித்தார்.

உன் மேசையிலேயே பையைக் கொட்டினார்கள். சூப்பர்வைசர் வந்தார். சும்மா கிடந்த கவுண்டரை விட்டு இந்த ஆள் ஏன் இங்கே நின்றான், இந்தப் பிள்ளை ஏன் சிரித்தது என்று கேட்டார். பிறகு உன்னிடம், இவரைத் தெரியுமா என்றார். நீ என்னைப் பார்க்காமல் சிங்களத்தில் சொன்னாய், தெரியாது என்று.

அதற்காக என் மனதில் ஒன்றும் இல்லை மகளே. மூன்று மாதத் தவணை முடிந்து வேலை நிரந்தரமாக ஒன்பது நாள்தான் இருந்தது. சொந்தக்காரருக்குச் சாமான் கடத்த விட்டாள் என்று ஒரு பிள்ளையை நிறுத்திய கதையை நீதானே சொன்னாய்.

ஆனால் அவர் விடவில்லை. என் பக்கம் திரும்பி, "பொய் சொல்லாதீங்க ஐயா, மூக்கு ஒரே மாதிரி இருக்கே. மகளா?" என்றார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "எனக்குப் பிள்ளையே கிடையாதுங்க சேர். பொறக்கவே இல்ல."

நீ சாமானைப் பார்த்தபடியே நின்றாய்.

ஸஹ்லா இப்போதுதான் என்னிடம் சொன்னாள். போனில் நீ அவளிடம் அழுதாயாமே. "அப்பா கோவத்துல என்னய இல்லன்னுட்டாரு, இனி எந்த மூஞ்சோட வீட்டுக்குப் போவேன்" என்றாயாமே. வீட்டுப் பக்கம் வராமலே கொழும்புக்கு மாற்றம் கேட்டுப் போனது அதனால்தான் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கோபமில்லை. தெரியாது என்று மட்டும் சொன்னால் இந்த மூக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். பெரிய பொய்யாகச் சொன்னால் நம்புவார் என்று நினைத்தேன். நம்பினார். உன் வேலை தப்பியது.

ஆனால் அதைச் சொன்ன வாய் இன்னும் கசக்கிறது. நீ பிறக்குமுன் பதினொரு வருஷம் அந்தப் பேச்சை நானும் உன் அம்மா பெற்றீசியாவும் ஊரார் வாயால் கேட்டோம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். அதே பேச்சை, அவள் போய் ஒரு வருஷம் முடியுமுன், நானே உன் முன்னால் சொன்னேன். எங்கே இருந்தாலும் அவள் கேட்டிருப்பாள்.

இன்னொன்று. கறிவேப்பிலையை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்கள். சாமானை நீ திரும்பப் பையில் போட்டாய். அப்போதும் முட்டையை மேலேதான் வைத்தாய். நான் பஸ்ஸில் போய் உட்கார்ந்து, நோர்வூட் தாண்டிய பிறகுதான் பையைப் பார்த்தேன். காது இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, மணிக்கட்டில் மாட்டுகிற வளையமாக்கியிருந்தாய். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட என் இரண்டு விரலும் மடங்காது என்று சின்ன வயதில் நீ கட்டித்தருவாயே, அதே முடிச்சு. எனக்கு முன்னால் நின்ற மூன்று பேரில் யாருக்கும் நீ அப்படிக் கட்டவில்லை. தெரியாத ஆளுக்கு யார் அப்படிக் கட்டுவார்கள்? பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "என்னங்க, கண்ணுல தூசியா?" என்றார். கிளினிக்கில் மருந்து விட்டார்கள் என்றேன்.

நடந்ததைக் கேட்ட அன்ஸார் நானா, "அண்ணே, அங்க கறிவேப்பிலைக்கும் ஸ்டிக்கர் ஒட்டிருப்பாங்க. என் கடையிலதான் அது சீந்துவாரில்லாம கெடக்கு" என்று சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு கட்டை என் பையில் அவரே செருகினார்.

ஜூலை நான்கு, சனிக்கிழமை, அம்மாவின் ஆண்டுப் பூசை. காலை ஏழு மணிக்கு வைப்பதாகச் சாமியார் ஒத்துக்கொண்டார். கோயிலில் முன் வரிசை வாங்கில் உனக்கு இடம் விட்டுத்தான் உட்காருவேன். பூசை முடிந்து வெளியே வரும்போது யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், இது என் மகள் என்று நான் சொல்ல வேண்டும்.

அந்தப் பை அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. பக்கவாட்டில் கீறித்தான் சாமானை எடுத்தேன். கட்டிய கைதான் வந்து அவிழ்க்க வேண்டும்.

கர்த்தர் உன் போக்கிலும் வரவிலும் கூட இருப்பாராக.

உன்னைப் பெற்ற அப்பா,
மரியநாயகம்.