தானாக வரும் மூச்சு

மார்ச் 3

அன்புள்ள சட்ட மாமாவுக்கு,

எழுதிக் கேட்டால்தான் உங்கள் மதச்சட்ட சபை தீர்ப்பு எழுதித் தருமாமே! இதோ கேட்கிறேன். உங்கள் அக்கா மகன், என் அண்ணன், ஏணியிலிருந்து விழுந்து நாலு நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். மூளை இறந்துவிட்டது, ஆளும் இறந்தாயிற்று என்கிறார் டாக்டர். நெஞ்சு ஏறி இறங்குகிறதே என்றால், அது மெஷின் வேலையாம். மெஷினை எடுக்க அம்மா விடமாட்டேன் என்கிறாள். "மறைச்சட்டம் என்ன சொல்லுதுன்னு என் தம்பி எழுதித் தரட்டும்!"

ஒரு ரகசியம். அண்ணன் தூங்குவதுபோல் நடிப்பதில் கில்லாடி அல்லவா? உள்ளங்காலில் பேனாவால் கிச்சுகிச்சு மூட்டினேன். கட்டைவிரல் ஆடியது! கத்திவிட்டேன். அவன் எழுந்துவிடுவான் என்று, உங்கள் சட்டம் வருமுன்பே அம்மா அவனுக்குச் சட்டை தேய்க்கப் போய்விட்டாள்.

வாலு

மார்ச் 4

அடி வாலு,

விரல் ஏன் ஆடியது என்று டாக்டரிடம் கேள். மெஷின் இல்லாத காலத்தில் எழுதிய சட்டம் நம்முடையது. அது கேட்பது ஒன்றுதான்: மூச்சு தானாக வருகிறதா? தீர்ப்பு எழுதுபவன் சாட்சியாக நிற்கக் கூடாது. அதனால்தான் நான் இன்னும் வரவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை, என் கண்ணை நானே நம்பமாட்டேன். நீ பார்த்து எழுது. விளையாட்டு வேண்டாம்.

மாமா

மார்ச் 5

மாமா,

விரல் ஆடியது தண்டுவடத்தின் வேலையாம். மூளை இல்லாமலும் ஆடுமாம். அம்மாவிடம் நானேதான் சொன்னேன்.

இன்று சோதனை. மெஷினைக் கழற்றிவிட்டு, குழாயில் ஆக்சிஜனை மட்டும் விட்டார்கள். போர்வையை இடுப்புவரை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் எல்லோரும் அவன் நெஞ்சையே பார்த்தோம். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, மூளையில் துளி உயிர் இருந்தாலும் மூச்சை இழுத்துவிடுமாம்.

நானும் அவனோடு மூச்சைப் பிடித்தேன். ஐம்பது எண்ணுவதற்குள், என்னைக் கேட்காமலே, உள்ளே ஏதோ ஒன்று இழுத்துவிட்டது. பதினாறு வருடமாக எனக்குள்ளேயே இருந்திருக்கிறது மாமா, ஒருநாள்கூட நான் அதைக் கவனித்ததில்லை! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அண்ணனின் இதயம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கை வெதுவெதுப்பாக இருந்தது. நெஞ்சு மட்டும் அசையவில்லை. பத்தாவது நிமிடம், மணி 10.42, டாக்டரே தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் தீர்ப்புத் தாளுக்காக மெஷினைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

மூச்சு தானாக வரவில்லை. பார்த்தேன்.

உங்கள் மருமகள்

மார்ச் 5, மாலை

அக்காவுக்கும் மருமகளுக்கும்,

சாட்சியை ஏற்றுக்கொண்டோம். முற்பகல் 10.42-க்கு அவன் இறந்தான் என்று சபையின் மூவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். மெஷினை எடுப்பது கொலையாகாது.

அக்கா, நான் எழுதி முடித்துவிட்டேன். இனி நான் வரலாம். செருப்பை மாட்டிக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன்.

தம்பி