தங்கப்பொண்ணு மிஷினுக்கு உடைத்த தேங்காய்

ஒத்தக்கடை,
ஆயுத பூஜைக்கு மறுநாள்.

அன்புள்ள மாப்பிள்ளை முத்துக்குமரனுக்கு, அழகுராஜா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். சிங்கப்பூர் குளிர்சாதனத்தில் தங்கச்சி முத்துத்தாய்க்கு முதுகுவலி தேவலையா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் வெங்காயம் உரிக்கும் மிஷினின் பேட்டண்டைக் காட்டிச் சின்னப் பட்டறைகளுக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டோமே, அதில் ஒன்று நாகமலை புதுக்கோட்டை தங்கப்பொண்ணுக்குப் போனது. நம் கடையில் மோட்டார் வாங்கித் தொழில் ஆரம்பித்தவள். நோட்டீஸ் நாம் சென்னை முகவரியில் பதிந்த கம்பெனி பேரில் போனதால், ஆள் யாரென்று அவளுக்குத் தெரியாது. நேரே என்னிடமே வந்தாள். "அண்ணே, யாரோ மெட்ராஸ்காரனாம். வாங்குற கடைக்கெல்லாம் காயிதம் போட்டு ஆர்டரை நிப்பாட்டிட்டான். நீங்கதேன் ஒரு வழி சொல்லணும்" என்றாள். டீ வாங்கிக் கொடுத்து, "பாப்போம்த்தா" என்று அனுப்பிவிட்டேன்.

நேற்று பூஜைக்கு, வருஷா வருஷம் போல, தேங்காய் உடைக்க என்னைத்தான் கூப்பிட்டாள். விற்காத மிஷின்கள் சந்தனப் பொட்டோடு சுவரோரம் நிற்கின்றன. பட்டறை லேத்தை விற்க விலை பேசிவிட்டாளாம். ஒரு மிஷினைத் திறந்து காட்டினாள். நம்முடையது காற்றடித்துத் தோலைப் பறக்கவிடும், அவளுடையது ரப்பர் உருளையில் தேய்த்து உரிக்கிறது. "இதுல எங்கண்ணே இருக்கு அவனோடது?" என்றாள். "அந்த மெட்ராஸ்காரன் கையில சிக்கட்டும், அவனை உள்ள போட்டு உரிச்சுப்புடுவோம்" என்றான் அவள் பட்டறை ஆள் சோணை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மாப்பிள்ளை. பிறகு தேங்காயையும் உடைத்தேன்.

கோர்ட்டில் இது நிற்காது, ஆனால் இவர்கள் கோர்ட்டுக்கு வரவே மாட்டார்கள் என்று வக்கீல் அன்றே சொன்னார். கேட்டுக்கொண்டுதான் சம்மதித்தேன். விலையைக் குறைத்து எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன், அதில் எனக்குக் கூச்சமில்லை. அது நேருக்கு நேர். இது முகத்தை மூடிக்கொண்டு அடித்தது.

நோட்டீஸை வாபஸ் வாங்கும் காகிதமும், கடைகளுக்கு அனுப்ப வேண்டியதும் இதோடு வைத்திருக்கிறேன். பங்குதாரர்கள் நாம் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். என் கையெழுத்துப் போட்டாயிற்று. போட்டி வந்துவிடுமே என்று நினைப்பீர்கள். வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டறைக்குப் போய் மெட்ராஸ்காரன் யாரென்று நானே சொல்லப்போகிறேன். அடுத்த பூஜைக்கு வேறு ஆளைக் கூப்பிடுவாள்.

சிங்கப்பூர்த் தங்கச்சிக்கு என்று அவள் கட்டிக் கொடுத்த பொரிகடலை என் மேஜையில் இருக்கிறது. அனுப்பவா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மீனாட்சி உங்கள் வீட்டை நல்லபடியாக வைக்கட்டும். லேத் கைமாறுவதற்குள் கையெழுத்து வந்து சேரட்டும்.

உங்கள் மைத்துனன்,
அழகுராஜா