அடித்தல் திருத்தல் இல்லாமல்

ஜூன் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்களால் ஒரு வேலை ஆக வேண்டும். எங்கள் நூலகத்தில் உள்ள ஆங்கிலேயக் கேப்டனின் நாட்குறிப்பைப் பற்றிச் சொன்னேனே, கப்பல் மூழ்கப்போன புயலிலும் அதில் ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. அடித்தல் திருத்தல் இல்லை. பயமே அறியாத மனிதர் என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. அவர் எழுதிய வேறு ஏதாவது உங்கள் சுவடி அறையில் இருக்கிறதா? பட்டியலில் இல்லை. இருந்தாலும் பாருங்கள்.

உங்கள் போன கடிதம் கோழி கிளறியது போல இருந்தது. படித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

உங்கள் பூதக்கண்ணாடி


ஜூன் 19

மேன்மை தங்கிய மருமகள் பூதக்கண்ணாடி சமூகத்துக்கு,

சுவடி அறையின் முடிசூடா மன்னனும் ஏடு அரிக்கும் ராமபாணப் பூச்சிகளின் பரம வைரியுமாகிய உன் மாமா எழுதிக்கொள்வது.

ஆணை கிடைத்ததும் படை திரட்டினேன். படை என்றால் நானும் ஓர் ஏணியும். அங்கே இருந்த தூசியில் நான் ஒரு தும்மல் போட, வாசிப்பறையில் மூன்று பேராசிரியர்களின் தலைமுடி பறந்தது. ஒன்று டோப்பா. இன்னும் கிடைக்கவில்லை.

ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகள் அத்தனையையும் இறக்கிப் பார்த்தாயிற்று. குதிரை வியாதிகளைப் பற்றி ஒன்று. பட்டியலில் மெலிந்த பிரதி என்றிருக்கிறது, கையில் எடுத்தால் யானைக்குத் தலையணை. அந்தக் காலத்து பைண்டர் நாலைந்தை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிடுவார். பட்டியல் போட்ட புண்ணியவான் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். குதிரைகளுக்குப் பின்னால் உன் கேப்டன் படுத்திருக்கிறார்.

நகல் அனுப்பியிருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி. அதே தேதிகள், அதே புயல். கையெழுத்துதான் வேறு, என்னுடையதே தேவலாம். புயலன்று 'பயமாக இருக்கிறது' என்று எழுதி அடித்திருக்கிறார். அதன் மேலே 'அனைவரும் நலம்' என்று எழுதியிருக்கிறார். கரைக்கு வந்ததும் ஓர் எழுத்தரிடம் சுத்தப் பிரதி எடுக்கக் கொடுத்ததாகக் கடைசிப் பக்கத்தில் அவரே சொல்கிறார். உன்னிடம் இருப்பது அதுதான்.

ஆக, கப்பல் தப்பித்தது, உன் அத்தியாயம் கவிழ்ந்தது. என்னைத் திட்டாதே, எழுத்தரைத் திட்டு.

நான் சௌக்கியம். இரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கிறேன்.

மாமா


ஜூலை 1

அன்புள்ள மாமாவுக்கு,

முதல் நாள் உங்களோடு பேசவே கூடாது என்றிருந்தேன். மறுநாள் பதிப்பாளரிடம் புத்தகத்தை நிறுத்தச் சொன்னேன். "இப்ப விட்டா அடுத்த வருஷம்தாம்மா. அந்தாளு கை நடுங்குச்சா இல்லையான்னு யாரு வந்து கேக்கப் போறா?" என்றார். நான் பார்த்துவிட்டேனே, என்ன செய்ய. அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன். இப்போதுதான் அந்த மனிதரைப் பிடிக்கிறது.

அது போகட்டும். உங்கள் கடிதத்தை ஒரே மூச்சில் படித்தேன். என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. வரி கோணவில்லை. ஒரு சொல்கூட அடிக்கவில்லை. புளுகு மொத்தமும் உங்களுடையது. கையெழுத்து யாருடையது?

அம்மாவைக் கேட்டேன். "உன் மாமனுக்கு என்னடி, கல்லுக்குண்டாட்டம் இருக்கான், லெட்டர்ல எழுதியிருக்கான் பாரு" என்றாள். அவளுக்கும் சுத்தப் பிரதிதான் வருகிறது போல.

எனக்கு நீங்களே எழுதுங்கள். எத்தனை நாளானாலும் படித்துவிடுவேன். அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்.

பூதக்கண்ணாடி


ஜூலை 12

பூதக்கண்ணாடிக்கு,

சௌக்கியம் என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.

போன கடிதத்தை எழுதியது எங்கள் பைண்டிங் அம்மாள். நான் சொல்லச் சொல்ல எழுதினார். டோப்பா வந்ததும் சிரித்து ஒரு தாளைப் பாழாக்கினார்.

என் கையில் பேனா நிற்பதில்லை. டம்ளரும்தான். ஏணியில் ஏறியதும் அவர்தான். நான் கீழே பிடித்துக்கொண்டேன். யார் யாரைப் பிடித்துக்கொண்டது என்று ஏணியைக் கேட்டால் தெரியும்.

இருபத்தைந்தாம் தேதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டு மனுஷர் ஒருவரைக் கூட்டி வா என்கிறார் டாக்டர். உனக்கு வேலை இருக்கும், வர வேண்டாம் என்று எழுதினேன்.

அதையும் அடித்துவிட்டேன்.

மாமா