பறக்கக் கூடாத ஏரி

ஜனவரி 8, 2025, புதன்
கல்லூரி வேலையை விட்டு ஐந்து மாதம். இன்று அரசின் ட்ரோன் திட்டத்தில் முதல் கட்டம் தேறிவிட்டோம், நானும் தம்பி ஷெர்வினும். யாரும் ஏரியில் இறங்காமல், நடுவிலிருந்து பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்து வரும் ட்ரோன். மார்ச் 20 அன்று சிட்லபாக்கம் ஏரியில் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும். தவறினால் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். எனக்கு மறுபடியும் சாக்பீஸ்தான்.

ஜனவரி 17, வெள்ளி
பறக்கும் அனுமதிக்கான வரைபடத்தைத் திறந்தோம். ஏரி முழுக்கச் சிவப்பு. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட எழும்பக் கூடாது. திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து தூரத்தை அளந்தோம். தாம்பரம் விமானப்படைத் தளத்தை மறந்தே போனோம்!
"தினமும் தலைக்கு மேலதான் போகுது. எப்படிக்கா மறந்தோம்?" என்றான் ஷெர்வின்.
இரும்புலியூரில் பிறந்து வளர்ந்தவர்கள். அந்தச் சத்தம் எங்கள் காதில் விழுவதே இல்லை. இதுல நான் விமானவியல் பாடம் வேற எடுத்தவ. வெக்கமா இருக்கு.

ஜனவரி 28, செவ்வாய்
வேறு ஏரிக்கு மாற்றலாமா என்று திட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "ஒப்புதல் ஆனது இந்த இடத்துக்குத்தான் மேடம்." சரி, டெல்லிக்கே அனுமதி கேட்டு எழுதியாகிவிட்டது.

பிப்ரவரி 11
பதில் இல்லை.

பிப்ரவரி 15, சனி
பம்மலில் அன்பு அண்ணனின் பட்டறை. ட்ரோனுக்குச் சட்டம் வெல்டிங் செய்து தந்தவர். புலம்பினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இன்னாமா இப்போ? பறக்கத்தானே கூடாது? மெதக்கக் கூடாதுன்னு எவனாவது சொல்லிக்கீறானா?"
சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில்தான் உறைத்தது. எனக்கு வேண்டியது ட்ரோனா, தண்ணீரா?

மார்ச் 9, ஞாயிறு
இரண்டு பிவிசி குழாய், அதே மோட்டார்கள், அதே ஜிபிஎஸ். ஆராதனை முடிந்ததும் ஏரிக்கு வந்துவிட்டோம். படகு தானே நடுவுக்குப் போனது, நின்றது, ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்துத் திரும்பியது. எங்கள் ட்ரோனுக்கு மேல்தண்ணீர் மட்டும்தான் எட்டும். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

மார்ச் 20, வியாழன்
அதிகாரிகள் இருவர் வந்தார்கள். படகை மூன்று முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். மூத்தவர் தயங்கித்தான் சொன்னார்: "நல்லா இருக்கும்மா. ஆனா இது ட்ரோன் திட்டம். படகுக்கு இதுல இடமில்ல. மேல எழுதுறேன்."
எழுதட்டும். நான் என்ன செய்யட்டும்? வேலை செய்யுதே, கண்ணு முன்னால வேலை செய்யுதே! வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஜூன் 16, திங்கள்
கல்லூரியில் மறுபடி சேர்ந்தேன். அதே மேசை.

நவம்பர் 5, புதன்
திட்டத்தின் புதிய விதிகளை ஷெர்வின் அனுப்பினான். வானம், நிலம், நீர் மூன்றிலும் இயங்கும் ஆளில்லா ஊர்திகளுக்கு இனி இடம் உண்டு. அந்த மூத்த அதிகாரி நிஜமாகவே மேலே எழுதியிருக்கிறார் போலிருக்கிறது.
கடைசிப் பக்கத்தில்: விண்ணப்பிப்பவர் வேறெங்கும் முழுநேரப் பணியில் இருக்கக் கூடாது.
இவங்களை என்னதான் பண்றது?

நவம்பர் 7, வெள்ளி
ராஜினாமா கடிதத்தைத் துறைத்தலைவர் சாமுண்டீஸ்வரி மேடத்திடம் நீட்டினேன்.
"மறுபடியுமா, ஜென்சி?" படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கையெழுத்தே போடலையே. யோசிச்சுப் போடு. இந்தத் தடவை உன் இடத்தைக் காலியா வச்சிருக்க முடியாது."
பயமாகத்தான் இருந்தது. அவருடைய பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.